ஒரு சொட்டுகூடத் தொடாதவர்கள்

ஆவடி
12.1.2025

திரு. விக்ரம் அவர்களுக்கு,

மாப்பிள்ளை என்று போடாமல் பெயரைப் போட்டிருக்கிறேனே என்று பார்க்க வேண்டாம். யோசித்துத்தான் போட்டேன். இனி உங்களோடு பேசுவதில்லை என்று புத்தாண்டு அன்று உங்கள் வீட்டிலேயே சொல்லிவிட்டு வந்தவன் நான். சொன்னால் சொன்னதுதான். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. உங்கள் அத்தையிடம் சொல்லியனுப்பலாம் என்றால், "நீங்க சொல்றத அவர்கிட்டயும் அவர் சொல்றத உங்ககிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிய என்னால ஆகாது. வேணும்னா எழுதிக் குடுங்க, ஞாயித்துக்கிழம அவங்களுக்குக் கொண்டுபோற சாப்பாட்டுக் கூடையில வெச்சு எடுத்துட்டுப் போறேன்" என்கிறாள். அதனால்தான் இந்தக் காகிதம். எழுதுவது பேசுவதாகாது.

ஃபேக்டரியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. ஒரு பாகம் கைக்கு வந்தால் ஏற்பதா தள்ளுவதா என்று சொல்ல வேண்டியவன். காரணம் எழுதாமல் எதையும் தள்ளியதில்லை. உங்களையும் காரணத்தோடுதான் தள்ளியிருக்கிறேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் உங்கள் ஆபீஸ் எடுத்த உடல் பரிசோதனை ரிப்போர்ட் தொங்கியது. தண்ணீர் எடுக்கப் போனவன் படித்தேன். கல்லீரலில் கொழுப்பு, ஃபேட்டி லிவர், கிரேடு இரண்டு. மறுநாள் எங்கள் பிரிவு நடேசனிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னா அண்ணாத்தே, பச்சக் கொழந்த மாறி கேக்கறே. சரக்கு அடிக்காம ஈரல் எங்க கெட்டுப் போவும்? மாப்ள தெரியாம ஊத்திக்கினு கீறாரு." ஒரு வாரம் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். புத்தாண்டு விருந்தில், உங்கள் அண்ணன் ஸ்ரீகாந்த்தும் அவர் மனைவியும் இருக்கும்போது, நீங்கள் ஒரு கண்ணாடி டம்ளரில் கறுப்பாக எதையோ ஊற்றிக்கொண்டு வந்தீர்கள். கோலாதான் என்று என் மகள் ரோஷினி சத்தியம் செய்தாள். எனக்குத் தாங்கவில்லை. 'குடிக்கிறீர்கள்தானே' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

என் அண்ணன் தங்கராஜ் நாற்பத்திரண்டு வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கடைசி வரைக்கும் "நான் குடிக்கலடா" என்று என்னிடமே சொன்னான். நானும் நம்பினேன். இன்னொரு முறை நம்ப எனக்குத் தெம்பு இல்லை.

ஏப்ரல் கடைசியில் ரிடையர் ஆகிறேன். அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நாங்கள் இருவரும் பட்டாபிராமில் உங்களோடு வந்து இருப்பதாகப் பேசியிருந்தோம். அது இனி இல்லை. கோவில்பதாகையில் ஒரு மாடி போர்ஷன் பார்த்திருக்கிறேன்.

கோபம் வேறு, கடமை வேறு. கூடையில் கேரியரின் மேல் அடுக்கில் ஆட்டு ஈரல் மிளகு வறுவல் இருக்கிறது. நானே விடியற்காலையில் போய் நின்று வாங்கியது. ஈரல் கெட்டவனுக்கு ஈரல்தான் மருந்து. ஒரு துண்டு விடாமல் சாப்பிடவும்.

தட்சிணாமூர்த்தி

* * *

பட்டாபிராம்
19.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் பெயரைப் போட்டு எழுதினாலும் நான் மாமா என்றுதான் எழுதுவேன். அதைத் தள்ள உங்களுக்கு அதிகாரம் இல்லை.

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலில் கோபமாக எழுதினேன். ரோஷினி படித்துவிட்டு, "இத அனுப்பினா நான் அப்பா வீட்டுக்கும் போக முடியாது, இங்கயும் இருக்க முடியாது" என்றாள். அதனால் கோபத்தைக் கழித்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

நான் குடிப்பதில்லை. முழு உண்மையும் சொல்ல வேண்டும் என்றால், காலேஜில் ஒருநாள் பீர் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வேப்பம்பட்டைத் தண்ணீர் மாதிரி இருந்தது, துப்பிவிட்டேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதாமல் விட்டால் நாளைக்கு அதுவும் பொய்யாகிவிடும்.

கல்லீரலில் கொழுப்பு சேர சாராயம் ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு. என்னுடையது நாற்காலி வழி. அம்பத்தூர் ஆபீஸிலும் சரி, வீட்டில் இருந்து வேலை செய்யும் நாளிலும் சரி, காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருப்பதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கிரீம் பிஸ்கட், நீங்கள் பார்த்த அதே கோலா. அமெரிக்காக்காரனோடு மீட்டிங் முடிந்தால் பரோட்டா. கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் பேண்ட் அளவு மூன்று முறை மாறிவிட்டது. டாக்டர் ஷோபனா படம் காட்டி விளக்கினார். அவரிடம் வருகிற ஐ.டி. ஆட்களில் நிறையப் பேருக்கு இது இருக்கிறதாம், குடிக்காதவர்களுக்கும்தான். எடையைக் குறைத்து, சர்க்கரையை விட்டு, தினமும் நடந்தால் இறங்கிவிடும் என்றார். நீங்கள் வேண்டுமானால் அவரை வந்து கேளுங்கள். நானே அழைத்துப் போகிறேன், வழியில் பேச வேண்டியதில்லை.

உங்கள் அண்ணனைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. படித்தபிறகு உங்கள்மேல் கோபப்படுவது கஷ்டமாகிவிட்டது. அதுவும் ஒரு தொந்தரவுதான்.

மூன்று படுக்கையறை வீடாகத்தான் வாங்க வேண்டும் என்று அடம்பிடித்தது ரோஷினி இல்லை, நான். எனக்கு அப்பா அம்மா இல்லை. ஆபீஸ் விட்டு வரும்போது வீட்டில் யாராவது பெரியவர்கள் டி.வி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காற்று வருகிற பக்கத்து அறையில் உங்கள் இருவருக்கும் கட்டில் போட்டாகிவிட்டது. கோவில்பதாகை போர்ஷனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

ஈரலை ரோஷினி சாப்பிட்டுவிட்டாள். பிரமாதம் என்றாள்.

விக்ரம்

* * *

ஆவடி
26.1.2025

விக்ரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். தங்கராஜும் நன்றாகப் பேசுவான்.

நாற்காலியில் உட்கார்ந்தால் ஈரல் கெடும் என்பதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஆபீஸ் கிளார்க்குகள் ஆயுசு முழுக்க நாற்காலியில்தான் இருந்தார்கள். பிஸ்கட்டைப் போய்க் குற்றம் சொல்கிறீர்கள். குழந்தைகள் தின்கிற பண்டம் அது. பீர் விஷயத்தை நீங்களாகவே ஒப்புக்கொண்டதை மட்டும் நல்ல குணம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாய் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு வாயோடு நிறுத்தினவனை நான் பார்த்ததில்லை.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு தொட்டதில்லை. பிரிவில் யாருக்குப் பிரமோஷன் வந்தாலும் பார்ட்டியில் எனக்கு மட்டும் தனியாக ரோஸ்மில்க் வரும். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மாத்திரை கிடையாது, ஒரு ஊசி கிடையாது. ரத்தம் சுத்தமாக இருந்தால் உடம்பு தானாக நிற்கும்.

ஈரலை ரோஷினி சாப்பிட்டாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வாரம் ஈரலோடு சுவரொட்டியும், அதாவது ஆட்டு மண்ணீரலும், வைத்திருக்கிறேன். அது ரத்தம் ஊறுவதற்கு. உங்கள் ஒருவருக்காக மட்டும் வாங்கினால் அத்தைக்குச் சங்கடமாக இருக்கும் என்று எனக்கும் சேர்த்தே வாங்குகிறேன். நானும் வாரம் தவறாமல் சாப்பிடுகிறேன். மிச்சத்தை மறுநாளும் சாப்பிடுகிறேன். உங்களுக்குத் துணைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. கொடுப்பேன்.

தட்சிணாமூர்த்தி

* * *

பட்டாபிராம்
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த முறை நேராகக் கேட்டுவிடுகிறேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒயின்ஷாப் முனையில் நடேசன் சாரை நிற்க வைத்தது நீங்கள்தானே? சாயங்காலம் நடந்துவிட்டு வரும்போது பார்க்கிறேன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். முதல்நாள் பார்க்காததுபோல் வந்துவிட்டேன். அடுத்த நாளும் நின்றார். போய் வணக்கம் சொன்னேன். "சும்மா, ஒரு ஃப்ரண்டு வரேன்னாரு, அதான் வெயிட் பண்ணிக்கினு கீறேன்" என்றார். பாவம், கொசு பிடுங்குகிறது என்று பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த வழியாகப் போன அவருடைய சம்பந்தி பார்த்துவிட்டாராம். இப்போது அவர் வீட்டில் அவருக்குச் சண்டை.

படிக்கும்போது சிரிப்பு வரலாம். எழுதும் எனக்கு வரவில்லை, மாமா. ஏதோ திருடனைப் பிடிக்க ஆள் போட்ட மாதிரி இருக்கிறது. ரோஷினிக்கு இது தெரியாது. ஏற்கெனவே சமைக்கும்போது நின்ற இடத்திலேயே அழுகிறாள். ஸ்ரீகாந்த் போன் செய்யும்போதெல்லாம் "உடம்பு எப்படிடா இருக்கு" என்று இழுக்கிறான். அவனும் சந்தேகப்படுகிறான் என்று எனக்குத் தெரியும். சொந்த அண்ணன். நீங்கள் அன்று சொன்னது அவன் காதில் நன்றாக விழுந்துவிட்டது.

இனிமேல் நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. நடக்கிறேன், சர்க்கரையை விட்டுவிட்டேன், எடை குறைகிறது. பிஸ்கட் டப்பாவில் இப்போது ரோஷினி வறுத்த கடலை போடுகிறாள். ஏப்ரலில் எங்கே போவது என்பது உங்கள் முடிவு. அறை பூட்டாமல் கிடக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஈரலை அனுப்புவதை நிறுத்துங்கள். எனக்கு ஆகாது என்பது ஒருபக்கம். வாராவாரம் அதைத் தின்றால் உங்களுக்கும் நல்லதில்லை. யூரிக் ஆசிட் ஏறும் என்று டாக்டர் சொன்னார். ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்ரம்

* * *

ஆவடி
23.2.2025

மாப்பிள்ளைக்கு,

இன்று கூடையில் ஈரல் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை எழுந்து காலைத் தரையில் வைத்தேன். வலது கால் கட்டைவிரலில் யாரோ ட்ரில்லிங் மெஷின் வைத்த மாதிரி ஒரு வலி. பார்த்தால் விரல் சிவந்து பளபளவென்று வீங்கியிருக்கிறது. போர்வை பட்டால் வலி. ஃபேன் காற்று பட்டால்கூட வலி. நான் ஊமையாக அழுதேன் என்று உங்கள் அத்தை சொல்லியிருப்பாள். சத்தமாகவே அழுதேன். ஃபேக்டரிக்குள் இரும்பு முனை வைத்த ஷூ போடாமல் விடமாட்டார்கள், அதற்குள் இந்தக் காலை நுழைக்க வழியில்லை. நடேசன்தான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

அங்கே ஒரு டாக்டர் பையன். ரோஷினியைவிடச் சின்னவனாக இருப்பான். விரலைத் தூரத்தில் இருந்து பார்த்தான். முதல் கேள்வியே, "குடிப்பீங்களா சார்?"

இல்லை என்றேன். எழுதிக்கொண்டான். பிறகு தலையைத் தூக்கி, "எப்பவாவது? விசேஷம், ஃபங்ஷன்னா?" என்றான். கிடையாது என்றேன். "பரவால்ல சார், டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது" என்றான். சிரித்துக்கொண்டே, மரியாதையாகத்தான் சொன்னான். பின்னால் வரிசையில் எங்கள் ஃபேக்டரி ஆட்கள். எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். உங்கள் அத்தை குறுக்கே புகுந்து, "அவர் தொட்டதே இல்ல தம்பி, ஈரல்தான் வாராவாரம்" என்றாள். அதற்கப்புறம்தான் அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

கௌட் என்கிற வாதமாம், குடித்தாலும் வருமாம், ஈரல் தின்றாலும் வருமாம். யூரிக் ஆசிட் ஒன்பதைத் தாண்டியிருக்கிறது. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். இந்த வயதில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஸ்கேனும் எடுத்தான். அதைப் படித்தபோது எனக்கு மயக்கம் வராத குறை. கல்லீரலில் கொழுப்பு. கிரேடு ஒன்று. எனக்கு, மாப்பிள்ளை. ரோஸ்மில்க் குடித்த எனக்கு.

சாயங்காலத்துக்குள் பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் பார்க்க வந்தவர்கள் ஆறுதலா சொன்னார்கள்? "அண்ணாத்தே, இத்தினி வருசமா எங்களுக்குக் கூட தராம எங்க ஊத்திக்கினு இருந்தே?" என்று ஒருவன். நடேசன் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. முப்பது வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன், அவனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

இல்லை என்று சொல்லச் சொல்ல அது ஆமாம் மாதிரியே கேட்கிறது. இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. நீங்களாவது நம்புகிறீர்களா?

தட்சிணாமூர்த்தி

* * *

பட்டாபிராம்
23.2.2025, மதியம்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையை ஹாலில் உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன். பதில் இல்லாமல் இந்தக் கூடை திரும்பி வரக் கூடாது.

நம்புகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஒயின்ஷாப் முனையில் யாரையும் நிற்க வைக்கவும் மாட்டேன்.

படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த டாக்டர் பையனுக்கு ஒரு மாலை போடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் போர்வை பட்டாலே வலி என்ற இடத்தில் அது போய்விட்டது. நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. நினைத்தால் என்னமோ போல இருக்கிறது.

இனி காரியம். டாக்டர் கொடுத்த மாத்திரையை வலி போனதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவர் சொன்னால்தான் நிறுத்த வேண்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஈரல், சுவரொட்டி, எலும்பு சூப் எல்லாம் கிடையாது. ரோஸ்மில்க்கும் கிடையாது மாமா. அத்தனை வருஷப் பார்ட்டியில் அத்தனை சர்க்கரையை ஊற்றியிருக்கிறீர்கள், உங்கள் கல்லீரல் ரோஸ் கலராகாமல் இருந்ததே பெரிது. வீக்கம் வடிந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம் என்று டாக்டர் ஷோபனா சொல்கிறார். இப்போதுதான் போனில் கேட்டேன்.

அறையைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கால் சரியாகட்டும்.

விக்ரம்

பி.கு.: கடிதத்தின் மேலே மாப்பிள்ளை என்று போட்டிருக்கிறீர்கள். ரோஷினியிடம் காட்டினேன். காகிதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள், திருப்பித் தரவில்லை.

* * *

ஆவடி
6.4.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகக் கூடையில் வெறும் சாப்பாடு மட்டும் வந்தது என்று வருத்தப்பட்டீர்களாம். எழுத உட்காருவேன், முதல் வரி வராது. அப்படியே மடித்து வைத்துவிடுவேன்.

கால் சரியாகிவிட்டது. யூரிக் ஆசிட் இறங்கியிருக்கிறது. உங்கள் அத்தை பீர்க்கங்காயையும் புடலங்காயையும் விதவிதமாகச் செய்து போடுகிறாள். ஆச்சரியம் என்னவென்றால் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் பையன் நடக்கச் சொன்னான். முதலில் குவார்ட்டர்ஸைச் சுற்றி நடந்தேன். பிறகு ஸ்டேஷன் வரை. அப்புறம் ஒருநாள் ரயில் ஏறி உங்கள் ஊரில் இறங்கி நடந்தேன். கால் எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நான் உங்கள் அபார்ட்மெண்ட் கேட்டைத் தாண்டவில்லை. இப்படிச் சில நாள் நடந்தது.

நேற்று உங்கள் வாட்ச்மேன் சுலைமான் பிடித்துவிட்டார். "இன்னா சார், வந்து வந்து கேட்டாண்ட நின்னுட்டுப் போறீங்க. யாரப் பாக்கணும்?" என்றார்.

"மாப்பிள்ளையை."

"விக்ரம் சாரா? மேலதான் கீறாரு. போங்க."

"கோபம்பா" என்றேன்.

"அவருக்கா?"

"இல்ல. எனக்கு."

"அப்ப நீங்கதான சார் போகணும்" என்றார். பிறகு ஸ்டூலைத் தள்ளி என்னை உட்கார வைத்து, "உங்க மாப்ள தெனம் நடந்துட்டு வந்து இங்க குந்தி எங்கூட கடலை துண்ணுவாரு. வாசல்ல யார்னா பெரியவர் வந்தா எனக்கு போன் பண்ணுங்கன்னு சொல்லி வெச்சிக்கீறாரு" என்றார். நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால்தான் போன் செய்யவில்லை. அவரைக் கோபிக்க வேண்டாம்.

ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நான் கேட்டதும் நீங்கள் ஒரே சொல்லில் நம்பினீர்கள். நான் உங்களை நம்ப என் கால்விரல் வீங்க வேண்டியிருந்தது. தங்கராஜ்மேல் எனக்கிருந்த கோபத்தை உங்கள் தலையில் இறக்கிவிட்டேன். அவன் பொய் சொன்னதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? மன்னித்துவிடுங்கள், மாப்பிள்ளை.

கோவில்பதாகைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கூப்பிட்டால் மே மாதம் சாமான்களோடு வருகிறோம்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. நல்ல பாகத்தைத் தவறாகத் தள்ளிவிட்டால், தள்ளியவன்தான் திரும்ப நின்று ஏற்க வேண்டும். அதுதான் எங்கள் பிரிவில் முறை. சித்திரை முதல் நாள் சாப்பாட்டுக்கு வருகிறோம். அதே ஸ்ரீகாந்த்தையும் அவர் மனைவியையும் கூப்பிடுங்கள். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னாலேயே எழுந்து நின்று வாபஸ் வாங்குகிறேன். என்ன சொல்வது என்று எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நடுவில் வரி மறந்தால் நீங்கள் யாரும் சிரிக்கக் கூடாது.

உங்கள் மாமா,
தட்சிணாமூர்த்தி

* * *

பட்டாபிராம்
6.4.2025, மதியம்

அன்புள்ள மாமா,

ஸ்ரீகாந்த்திடம் சொல்லிவிட்டேன், இருவரும் வருகிறார்கள். ரோஷினி இப்போதே வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அத்தை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, "கோலா ஒண்ணும் இல்ல" என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார்.

மனப்பாடம் செய்ததை மறந்துவிடுங்கள். உங்களை அவர்கள் முன்னால் நிற்க வைத்துப் பேச வைத்தால் எனக்குச் சோறு இறங்காது. என்னிடம் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் சொல்லிவிட்டீர்கள், அது போதும். ஸ்ரீகாந்த்தின் சந்தேகம் போக வேறு வழி இருக்கிறது: நீங்கள் என் வீட்டில் நிம்மதியாக இருப்பதை அவன் பார்த்தால் போதும்.

வாருங்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய் உங்கள் கட்டிலில் படுத்துத் தூங்குங்கள். உங்கள் குறட்டை ஹால் வரைக்கும் கேட்கும். அவன் கேட்டுக்கொள்ளட்டும்.

விக்ரம்